காய்ச்சல் என்று எழுதாதே

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "என்னப்பா, மூச்சு வாங்குது? ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்லப்பா, லேசா காச்ச" என்றேன். "மாத்திரை போட்டீகளா?" என்றாய். "போட்டாச்சு" என்றேன். இரண்டுமே பொய். எனக்குக் காய்ச்சலும் இல்லை, நான் மாத்திரையும் போடவில்லை. போனை வைத்த பிறகு, அறுபத்துமூன்று வயதாகியும், பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்கிறோமே என்ற வெட்கம் இருந்தது. அதைவிட, அந்த வார்த்தை இவ்வளவு சுலபமாக வாயில் வந்து நின்றதே என்று பயமாக இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையைச் சொல்லித்தான் உனக்கும் உங்கம்மாவுக்கும் நான் ஒரு பெரிய தப்பைச் செய்தேன். அதைச் சொல்லாமல் இப்போது என் உடம்புக்கு என்ன என்று சொல்ல எனக்கு வாய் வராது. போனில் ஆரம்பித்தால் உன் குரல் கொஞ்சம் மாறினாலும் பேச்சை மாற்றிவிடுவேன். எழுத உட்கார்ந்தால் ஓரளவு ஒழுங்காக எழுதுவேன். முப்பத்திரண்டு வருஷம் அந்த வேலைதானே பார்த்தேன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும், ஆனால் அதில் நான் என்ன செய்தேன் என்று முழுதாகத் தெரியாது. அருப்புக்கோட்டை மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் வரவில்லை, வராதவர் லீவு லெட்டர் கொடுத்தாரா, இதுதான் என் உலகம். நான் சேர்ந்தபோது இருந்த மேனேஜர் வெளி மாநிலத்துக்காரர். தமிழ் கொஞ்சம் பேசுவார், படிக்க வராது. அதனால் லீவு லெட்டர் எல்லாம் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. நூல் ஓட்டுகிற ஆட்களுக்கு இங்கிலீஷுக்கு எங்கே போவது? என்னிடம்தான் வருவார்கள். "பருத்தி எடுக்கணும், மழை வார மாதிரி இருக்கு", "மச்சினிச்சிக்கு வளைகாப்பு", "மாமனாரோட சண்டை, போயி பொண்டாட்டியக் கூட்டியாரணும்" என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். இதை எல்லாம் இங்கிலீஷில் எழுத எனக்கே இங்கிலீஷ் போதாது. எழுதினாலும் மேனேஜர் கையெழுத்துப் போட மாட்டார். எதைக் காட்டினால் பேசாமல் கையெழுத்துப் போடுவார் என்று ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டேன். ஃபீவர். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்.

அதற்குப் பிறகு ஆள் வந்து கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. வேலை குறைவாக இருக்கும் மத்தியானங்களில் ஐம்பது லெட்டர் ஒன்றுபோல எழுதி, பெயரும் தேதியும் மட்டும் காலியாக விட்டு, நூல்கண்டு அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருப்பேன். வருகிறவரிடம் காரணம் கேட்பதுகூட இல்லை. "எத்தனை நாளு?" என்று மட்டும் கேட்பேன். ஒரு நாள் என்றால் வெறும் ஃபீவர், மூன்று நாள் என்றால் ஹை ஃபீவர். ஒரு வாரம் வேண்டும் என்றால் டைபாய்டு, அதற்கு என் நாற்காலிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று கெஞ்ச வேண்டும். எனக்கு 'காச்ச கிளார்க்கு' என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பேரில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, மறைக்க மாட்டேன்.

ஒரு பங்குனியில் அந்தப் பெருமைக்கு நல்ல பூசை கிடைத்தது. பாலவனத்தம் பக்கத்தில் இருக்கும் நம் ஊரிலிருந்து மட்டும் முப்பது நாற்பது பேர் அப்போது மில்லில் இருந்தார்கள். நம் ஊர் அம்மனுக்குப் பங்குனிப் பொங்கல். தைப்பொங்கலுக்கு மில் லீவு விடும், ஊர்ப் பொங்கலுக்கு விடாது. என்ன செய்வார்கள்? அட்டைப்பெட்டி காலியானது. ஒரே நாளில் ஒரே ஊரிலிருந்து அத்தனை பேருக்கும் ஃபீவர் என்று பார்த்ததும் மேனேஜர் நடுங்கிப்போய்விட்டார். நல்ல மனுஷன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சுகாதாரத் துறைக்குப் போன் பண்ணிவிட்டார். மறுநாள் காலையில் முளைப்பாரி ஊர்வலம் தெருத் திரும்புகிற நேரத்துக்கு ஜீப் வந்து நிற்கிறது. ஒரு டாக்டர், இரண்டு நர்ஸு, கண்ணாடித் துண்டும் ஊசியுமாக விரலில் ரத்தம் எடுக்க வந்துவிட்டார்கள். மேளம் நின்றுபோனது. என் கூட்டாளி சங்கையா கிடாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிற்கிறான், வாயில் தெர்மாமீட்டர். அதை எடுத்த உடனே கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்தான். "ஏலே, என்னத்தலே எழுதிக் குடுத்த? ஊரு பூராவும் காச்சன்னு எழுதிட்டு, நீ மட்டும் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு நிக்கிற!" நர்ஸு அம்மா, "ஒருத்தருக்கும் சூடே இல்லையே சார்" என்று டாக்டரிடம் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார். சாமி கும்பிட்டுவிட்டு, மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அன்று எனக்கு வேலை போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து மில் நம் ஊர்ப் பொங்கலுக்கு ஒரு நாள் லீவு கொடுத்தது. அதனால் நான் திருந்துவதற்குப் பதிலாக இன்னும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அப்போது என்னைக் கண்டித்த ஒரே ஆள், மில் டிஸ்பென்சரியில் இருந்த கம்பவுண்டர் பாய். வீரசோழன்காரர். தினம் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். அவர் ஒரு நாள் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "கிளார்க்கு, காச்சல்ங்கிறது ஒரு நோயே கெடையாது. உள்ள என்னமோ நடக்குதுன்னு தகவல் சொல்ல வருது, அம்புட்டுத்தான். என்ன நடக்குதுன்னு கேக்கணும். நீங்க அதைக் கேக்காம இருக்கதுக்குல்ல அத எழுதுறீக" என்றார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். காய்ச்சல் என்ற வார்த்தைக்கு இந்த வயசு வரைக்கும் நான் கேட்ட சரியான அர்த்தம் அதுதான். அகராதியிலும் பார்த்தேன், அவர் சொன்ன அளவுக்குத் தெளிவாக இல்லை.

உனக்கு அந்தக் கன்றுக்குட்டி லெட்டர் ஞாபகம் இருக்கிறதா? ஆறாவது படித்தாய். நம் மாடு விடியற்காலையில் கன்று போட்டது, நீ பள்ளிக்கூடம் போகவில்லை. மறுநாள் நீயே ஒரு லெட்டர் எழுதி, கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினாய். 'எங்கள் மாடு கன்று போட்டது. கன்று எழுந்து நிற்கிறதா என்று பார்ப்பதற்காக நான் நேற்றுப் பள்ளிக்கு வரவில்லை.' இரண்டே வரி. அதைவிட நல்ல லீவு லெட்டர் நான் முப்பத்திரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஃபீவர் என்று நானே எழுதினேன். "எனக்குக் காச்ச அடிக்கலையேப்பா" என்றாய். "அது பரவாயில்ல, அப்படித்தான் எழுதணும்" என்றேன். சாயங்காலம் வந்து, "சார் இப்ப எப்படிடா இருக்குன்னு கேட்டாரு. நல்லா நிக்குது சாருன்னு சொன்னேன்" என்றாய். உங்கம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது. சிரித்து முடித்துவிட்டு அவள் என்னைப் பார்த்து, "புள்ள எழுதினது நல்லாத்தான இருந்துச்சு, அத ஏன் கிழிச்சீக?" என்று கேட்டாள். அவள் இப்படித்தான். திருச்சுழியில் பிறந்த பொம்பளை, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. உடம்பு சரியில்லை என்றால் சரியில்லை என்பாள், பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்பாள். என்னை மாதிரி ஆளோடு இருபத்தைந்து வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினாள் என்று இப்போது யோசிக்கிறேன்.

இனிமேல் எழுதப்போவதைத்தான் நான் ஒன்பது வருஷமாக எழுதவில்லை.

நீ புனேயில் கம்பெனி டிரெயினிங்கில் இருந்தாய். ஆறு மாசம், இடையில் லீவு போட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தாய். நம் வகையறாவில் அப்படி ஒரு கம்பெனிக்குள் கால் வைத்த முதல் ஆள் நீ. மில்லில் எதிரே வருகிறவனை எல்லாம் நிறுத்தி நான் சொல்லிக்கொண்டிருந்த சமயம். அப்போதுதான் உங்கம்மாவுக்கு மதுரையில் பார்த்து, கர்ப்பப்பையில் கட்டி, முற்றிவிட்டது, இனி ஆபரேஷன் செய்து பிரயோஜனமில்லை என்று சொன்னார்கள். அவளையும் உள்ளே கூப்பிட்டு வைத்துத்தான் சொன்னார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் பாதி வழி வந்ததும், "தம்பிகிட்ட சொல்லிருங்க. வந்து ரெண்டு நாளு இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். "சொல்றேன்" என்றேன். அன்று ராத்திரி நீ போன் பண்ணினாய். அம்மா எங்கே என்று கேட்டாய். "படுத்திருக்கா, லேசா காச்ச" என்றேன்.

அதற்கு அடுத்த வாரமும் காய்ச்சல். அதற்கு அடுத்த வாரமும். நீ, "டவுனுல நல்ல டாக்டராப் பாருங்கப்பா" என்பாய். பார்க்கிறேன் என்பேன். உன் டிரெயினிங் கெட்டுவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். மீதி என்னவென்றால், நீ வந்து வாசலில் நின்றுவிட்டால் அவள் சாகப்போகிறாள் என்பது உறுதியாகிவிடும். நீ வராதவரைக்கும் அது வெறும் காய்ச்சல். எழுதிக் கொடுத்தால் அடுத்தவர் நம்பிவிடுவார் என்று அத்தனை வருஷம் பழகிய நான், கடைசியில் என் லெட்டரை நானே நம்பினேன்.

ஒரு மாசம் கழித்து அவள் மறுபடியும் கேட்டாள். எழுந்து உட்கார முடியாது, தலையணையைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தேன். "ஏங்க, இன்னுமா அவன்கிட்ட காச்சன்னு சொல்றீக? எனக்குக் காச்சலே கெடையாதே. அவன வரச் சொல்லுங்க. வேல போனா போகட்டும், வேற வேல பாப்பான்." நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அன்று நீ போன் பண்ணியபோது போனை அவள் காதில் வைத்துவிட்டு, நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். உன்னிடம், "காச்சல்லாம் இல்லப்பா எனக்கு" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் என்னை மீறிச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. நீ அதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டாய். "அப்ப டிரெயினிங் முடிஞ்சு வாரேம்மா" என்றாய். அவள் "வா ராசா" என்றாள்.

கடைசி நாளில்தான் உன்னை வரச் சொன்னேன், நீ வந்தபோது அவளுக்கு நினைவில்லை. எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு, நீ என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "மூணு மாசமாவாப்பா காச்சலு?" அந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன் கண்ணைப் பார்க்க முடியாமல், "அம்மாதான் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாடா" என்றேன். செத்துப்போனவள் வந்து இல்லை என்றா சொல்லப்போகிறாள்?

அவள் சத்தியம் வாங்கவில்லை, தம்பி. அவள் இரண்டு தடவை உன்னை வரச் சொன்னாள். உன்னைப் பார்க்காமல் போக அவள் ஒரு நாளும் சம்மதிக்கவில்லை. வரவிடாமல் செய்தது நான். பழியை அவள்மேல் போட்டதும் நான்.

உனக்கு அவள்மேல் கோபம் என்று எனக்குத் தெரியும். நீ வாய்விட்டுச் சொன்னதில்லை. உன் கல்யாணத்தன்று அம்மா படத்துக்கு முன்னால் நிற்கச் சொன்னபோது, சட்டென்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டாய். மருமகள்தான் கொஞ்ச நேரம் நின்றது. போன வருஷம் பொங்கலுக்கு வந்திருந்தபோது அதுவே என்னிடம் கேட்டது, "மாமா, அத்தைக்கு இவுக மேல நம்பிக்கையே இல்லையா? கடைசிக் காலத்துல கூட எங்கிட்டச் சொல்லணும்னு எங்கம்மாவுக்குத் தோணலையேன்னு சொல்லிச் சொல்லி அழுவாரு." அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "அவ பிடிவாதக்காரிம்மா" என்று சொல்லி மூடிக்கொண்டேன். அந்தப் பெண் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தது, அதையும் குடித்தேன்.

கொரோனா வந்த வருஷம் ஒரு வேடிக்கை நடந்தது. நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்பு. இத்தனை வருஷம் என்னிடம் ஃபீவர் வாங்கிப் போன அதே ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று, "அண்ணாச்சி, வயித்துவலின்னு எழுதுங்க, கால்வலின்னு எழுதுங்க, காச்சன்னு மட்டும் எழுதிறாதீக" என்று கும்பிட்டார்கள். உண்மையிலேயே காய்ச்சல் அடிக்கிறவன்கூட அந்த வார்த்தையைச் சொல்லப் பயந்தான். ஊரே அதற்குப் பயந்த அந்த நாட்களில்தான், நான் அதை வைத்து என்ன செய்தேன் என்று எனக்கு முதல்முதலாக உறைத்தது. அட்டைப்பெட்டியில் மிச்சம் இருந்ததை எல்லாம் மில் கொல்லையில் வைத்து எரித்தேன். சங்கையா பார்த்துவிட்டு, "இனிமே லீவு வேணும்னா எவம்லே எழுதிக் குடுப்பான்?" என்று கேலி பண்ணினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது என் உடம்பு. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடந்தால் நடுநெஞ்சில் யாரோ முட்டி வைத்து அமுக்குகிற மாதிரி இருக்கிறது. சங்கையாதான் இழுத்துக்கொண்டு மதுரைக்குப் போனான். இருதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும் என்கிறார்கள். வருகிற மாசம் பத்தாம் தேதிக்குக் குறித்திருக்கிறார்கள். பயப்பட வேண்டாம், நிறையப் பேர் செய்துகொண்டு நடமாடுகிறார்கள் என்று டாக்டர் சொன்னார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீ பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று இருக்கிறது.

முதலில் இதை மட்டும் எழுதி, உன்னை வரவழைத்து, எல்லாம் முடிந்த பிறகு மற்றதைச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அப்படி ஒரு தாள் எழுதியும் விட்டேன். படித்துப் பார்த்தால் அதுவும் என் பழைய பெட்டியிலிருந்து எடுத்த லெட்டர் மாதிரியே இருந்தது. நான் பிழைக்காமல் போனால் உங்கம்மாமேல் உனக்கு இருக்கும் கோபம் அப்படியே நின்றுவிடும். அதைத் துடைக்க என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. அதனால்தான் இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினேன். இதைப் படித்த பிறகு நீ வராமல் போகலாம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

வருகிற எண்ணம் இருந்தால், உன் ஆபீஸில் லீவு கேட்கும்போது காரணம் எழுதுகிற இடத்தில், 'அப்பாவுக்கு இருதய ஆபரேஷன், நான் பக்கத்தில் இருக்க வேண்டும்' என்று எழுது. வர மனசில்லை என்றால், அதையும் எனக்கு அப்படியே எழுது. என்ன திட்ட வேண்டுமோ திட்டி எழுது, நான் தாங்கிக்கொள்வேன். எனக்காக அதை மாற்றி, வேலை இருக்கிறது, உடம்பு சரியில்லை என்று ஒன்றும் எழுத வேண்டாம். காய்ச்சல் என்று மட்டும் எழுதாதே.

எது எப்படியானாலும், இதை மடித்து வைத்த பிறகு உங்கம்மா படத்துக்கு முன்னால் போய் ஒரு தடவை நில். உடனே நகர்ந்துவிடாதே. அவள் உன்னைக் கூப்பிட்டாள்.

இப்படிக்கு,
அப்பா